துளைக்காமல் விட்ட பல்

நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் என் பார்ட்னர் சாய்ந்து படுத்திருந்தாள். வாய் திறந்தே இருந்தது. கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கு நடுவில் நீல நிறத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம். இரண்டு பக்கமும் பல் நூலைக் கோத்து இழுத்துப் பிடித்து, இரண்டு தடவை கைநழுவி, மூன்றாவது தடவையில் நான்தான் அதை உள்ளே இறக்கினேன். "வலிக்குதாடி?" என்று கேட்டேன். "ஒண்ணும் வலிக்கல" என்றாள். கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுப் பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. பொய் சொல்லுவதில் அவளுக்குத் துளிக்கூடச் சாமர்த்தியம் கிடையாது. அவள் வாயில் அன்று சொத்தையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அடுத்தவர் வாயில் போடுவதை முதலில் நம் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மூன்று நாள் அந்த வளையத்தோடு இருந்தாள். நடுவில் பக்ரீத் வேறு வந்துவிட்டது. ஒரு பக்கமாகவே மென்று பிரியாணியைத் தின்றுவிட்டு, "பாதி ருசி போச்சுடி" என்று எனக்குப் போன் போட்டுப் புலம்பினாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் பல் மருத்துவம் படித்தவர்கள். படித்து முடித்துச் சில வருஷம் இங்கேயும் அங்கேயும் வேலை பார்த்துவிட்டு, புதுச்சேரி டவுனில் ஒரு ரொட்டிக்கடைக்கு மேல்மாடியைப் பிடித்துக் கிளினிக் வைத்தோம். அவள் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள், துணிக்கடைக்காரர் மகள். நான் அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் பாலம் தாண்டி வருகிறவள். பலகையில் இரண்டு பெயரும் இருந்ததால், வருகிறவர்கள் அவளை என் பெயரிலும் என்னை அவள் பெயரிலும் கூப்பிட்டார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், நாங்களே ஒருவரையொருவர் பார்ட்னர் என்று கூப்பிட ஆரம்பித்தோம். காலையில் கீழேயிருந்து சூடான ரொட்டியின் மணமும் கேக்கின் மணமும் மாடிப்படி ஏறி வரும். "கீழ சொத்தை பண்ணி மேல அனுப்பறாங்க, நல்ல ஏற்பாடு" என்று நோயாளிகள் கேலி செய்வார்கள்.

பல்லின் மேல்பரப்பில் வரும் சொத்தையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கறுப்பாக முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு பற்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கிற இடத்தில் தொடங்குவதுதான் கள்ளன். கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் தெரியாது, வலிக்கவும் வலிக்காது. ஒருநாள் பட்டாணி கடிக்கும்போது பாதிப் பல் உடைந்து கையில் வரும். அதையே ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் குடைய வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். எனாமலின் மேல்தோல் உடையாமல் இருக்கும் வரை, தினமும் நூல் விட்டுச் சுத்தம் செய்து, ஃபுளோரைடு பூசி, கண்ட நேரத்தில் இனிப்பு தின்னாமல் இருந்தால் பெரும்பாலும் அது அங்கேயே நின்றுவிடும். தோல் உடைந்து ஓட்டை விழுந்துவிட்டால் அடைத்துத்தான் ஆக வேண்டும். ஆக, கேள்வி ஒன்றுதான்: உடைந்திருக்கிறதா, இல்லையா? இதற்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை.

நான் எக்ஸ்ரே கட்சி. பற்களைக் கடித்தபடி எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயில், பல்லின் பக்கவாட்டில் முக்கோணமாக ஒரு நிழல் விழும். அந்த நிழல் எனாமலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் குடைந்து அடைத்துவிடுவேன், அவ்வளவுதான். பார்ட்னர் கண் கட்சி, வெளிச்சக் கட்சி. பேனா அளவில் மெல்லிய விளக்கு ஒன்று வைத்திருந்தாள். அறை விளக்கை அணைத்துவிட்டு அதைப் பல்லின் பக்கத்தில் வைத்தால், நல்ல பல் முழுக்க ஒளிரும், கெட்ட இடம் மட்டும் கறுத்து நிற்கும். "எங்க அத்தா துணிய வெளிச்சத்துக்குப் புடிச்சுப் பாத்துதான் இழை போனத கண்டுபுடிப்பாரு. மெஷினா வச்சிருந்தாரு?" என்பாள். "உங்க அத்தா துணிய வித்தாரு, வாயில போட்டு அடைக்கல" என்று நானும் விடமாட்டேன். நிஜத்தைச் சொன்னால், அவள் விளக்குக்குப் பயன் இருந்தது. எக்ஸ்ரே வேண்டாம் என்று தயங்கும் கர்ப்பிணிகளிடம் அவளைத்தான் அனுப்புவேன். அனுப்பும்போது முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வேன்.

எத்தனை நாள்தான் வாயால் சண்டை போடுவது? கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பற்களின் நடுவில் சந்தேகம் இருக்கும் ஒவ்வொருவருக்கும், நான் எக்ஸ்ரே பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் என் தீர்ப்பை எழுத வேண்டும். அவள் விளக்கு வைத்துப் பார்த்து அவள் தீர்ப்பை எழுதுவாள். ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்கக் கூடாது. இரண்டையும் மடித்துப் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். அப்புறம், நோயாளி சம்மதித்தால், அந்த நீல வளையம். அது இரண்டு மூன்று நாளில் பற்களை மெல்ல விலக்கி ஒரு சந்து உண்டாக்கிவிடும். வளையத்தை எடுத்த கையோடு காற்றடித்து உலர்த்திப் பார்த்தால், எக்ஸ்ரேயும் வேண்டாம் விளக்கும் வேண்டாம், உடைந்திருக்கிறதா இல்லையா என்று நேராகக் கண்ணுக்கே தெரியும். தொட்டும் பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் பற்கள் பழையபடி சேர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் டப்பாவைத் திறப்போம்.

சீட்டுகள் சேரச் சேர என் கட்சிக்கும் அடி, அவள் கட்சிக்கும் அடி. கண்ணுக்கு எட்டாத சொத்தைகளை எக்ஸ்ரேதான் காட்டிக்கொடுத்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நிழல் இருக்கிறது என்று சொன்ன எக்ஸ்ரேயால், தோல் உடைந்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. கோணம் கொஞ்சம் தவறினால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படமே குழம்பிவிடும். அவள் விளக்கு எனாமலுக்குள் நிற்கும் ஆரம்ப சொத்தையை அழகாகக் காட்டியது, ஆழத்தில் தடுமாறியது. நடுவில் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, தொட்டவுடன் எண் காட்டும் லேசர் பேனா ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார். வெற்றிலை போடும் ஒரு அம்மாள் வாயில் வைத்ததும் அது நிறுத்தாமல் கூவியது. கறையைத் துடைத்துவிட்டு வைத்தால் கப்சிப். பார்ட்னர் சிரித்துச் சிரித்து முகமூடியைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மதாம் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மதாம் என்றுதான் அவரை நாங்கள் கூப்பிடுவோம். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சிப்பாய், ஊர் வழக்கில் சொல்தா, மாமனாரும் அப்படியே. இப்போது மகன் முறை. இருபத்திரண்டு வயது, பிரெஞ்சுக் குடியுரிமை, ஞாயிற்றுக்கிழமை சென்னையில் விமானம். அங்கே போய் ராணுவத்தில் சேரும் முன் உடல் பரிசோதனை இருந்தது. பையன் சின்ன வயதிலிருந்து வேறு எதையும் நினைத்ததில்லை. வேறு படிப்பும் படிக்கவில்லை, வேறு வேலைக்கும் மனுப் போடவில்லை. "வாயில ஒரு கறுப்பு இருந்தாக்கூடத் தள்ளிடுவாங்க டாக்டரம்மா. இன்னா இருந்தாலும் அடைச்சி அனுப்பிடுங்க" என்றார் மதாம்.

பிரான்சுக்குக் கிளம்பும் வீடுகளில் இது வழக்கம். கடைசி வாரத்தில் மிளகாய்த்தூள் அரைப்பார்கள், கண் பார்ப்பார்கள், ரத்தம் பார்ப்பார்கள், பல்லை அடைப்பார்கள். அங்கே போனால் டாக்டரைப் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று பேச்சு. வக்கான்ஸ் என்று ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்து போகிறவர்களும் இப்படித்தான். அதனால் எங்களுக்கும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தேகமாக இருந்தாலும் சரி, எதற்கும் இருக்கட்டும் என்று அடைத்து அனுப்பிவிடுவோம். போகிறவர் போய்விடுவார், அடைத்தது சரியா தப்பா என்று பார்க்க யார் இருக்கிறார்கள்? எதற்கும் இருக்கட்டும் என்று நான் குடைந்த பற்களை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அன்று புதன்கிழமை. எக்ஸ்ரே எடுத்தேன். வலது பக்கம் ஒரு பல்லில் பெரிய நிழல், எனாமலைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. இடது பக்கம் ஒன்றில் சின்ன நிழல், எனாமலுக்குள்ளேயே. யோசிக்கவே இல்லை. வலது பல்லை அடைப்போம், இடது பல்லை விட்டுவிடலாம் என்று மதாமிடம் சொல்லி, வியாழக்கிழமைக்கு நேரமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பார்ட்னர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, கருவிகள் கழுவும் அறைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"குடையாதடி. வளையம் போடு."

"ஞாயித்துக்கிழம ஃபிளைட்டு. வெளையாடுறியா?"

"இன்னிக்கி போட்டா சனிக்கிழம எடுத்துடலாம். ஒரு நாள் கையில இருக்கு."

"அந்தப் புள்ள வாழ்க்கையே அந்த செலக்ஷன்ல இருக்கு. உன் வெளக்க நம்பி நிழலோட அனுப்பச் சொல்றியா?"

"என் வெளக்க நம்பாத. உன் எக்ஸ்ரேவயும் நம்பாத. நம்ம ரெண்டு பேரையும் நம்பாதன்னுதான் சொல்றேன்."

எனக்கு வந்ததே கோபம். கோபத்தோடேயே வெளியே போய், வளையம் போட்டுப் பார்த்துவிடலாம் என்று மதாமிடம் சொன்னால், அவருக்கு என்னைவிடக் கோபம். "இன்னா டாக்டரம்மா, இப்பதான் அடைக்கணும்னீங்க, இப்ப வளையம் மாட்டணும்ன்றீங்க? உங்களுக்கே தெரியலன்னா வேற எடத்துக்குப் போறோம்" என்று பையைத் தூக்கிவிட்டார். அதுவரைக்கும் பேசாமல் இருந்த மகன்தான் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து கேட்டான்: "டாக்டர், ஒரு தடவ கொடைஞ்சிட்டா அந்தப் பல்லு திரும்ப வளருமா?"

"வளராது தம்பி" என்றேன். "அடைச்சது கழண்டா மறுபடி அடைக்கணும், ஒவ்வொரு தடவையும் ஓட்டை பெருசாகும்." உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

"அப்ப வளையத்தப் போடுங்க. மூணு நாள்தான."

இரண்டு பக்கமும் போட்டோம். டப்பாவில் இரண்டு சீட்டும் விழுந்தன.

சனிக்கிழமை காலை வந்தான். மூன்று நாளாகக் கஞ்சியும் இட்லியும்தான், தாடையே வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தான். மதாம் சிரிக்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்திலேயே, வெளியே போங்கள் என்று சொல்லிப் பார் என்கிற மாதிரி நின்றார். வலது பக்க வளையத்தை எடுத்தேன், காற்றடித்தேன். பெரிய நிழல் விழுந்த பல். சந்தில் வெளிச்சம் பாய்ந்து தெரிந்தது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்த ஒரு திட்டு, அவ்வளவுதான். முனை மழுங்கிய கருவியால் மெல்லத் தடவினேன். எங்கும் மாட்டவில்லை. தோல் முழுசாக இருந்தது. வியாழக்கிழமை நான் குடைந்திருக்க வேண்டிய பல் அது. என் காது சூடானது எனக்கே தெரிந்தது.

பார்ட்னர் முகத்தில் வெற்றி வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் இடது பக்க வளையத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன நிழல் விழுந்த பல். குனிந்து பார்த்தவள் நிமிரவே இல்லை. "நீ பாரு" என்று நகர்ந்தாள். ஊசி முனை அளவு ஓட்டை. கருவியை வைத்ததும் உள்ளே இறங்கிவிட்டது. பக்கத்துப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு ஒன்று இருந்தது. அது வெளிச்சத்தை மறித்ததில் அவள் விளக்குக்கு ஒன்றும் தெரியாமல் போயிருந்தது. எக்ஸ்ரே சின்ன நிழலைத்தான் காட்டியது, சின்ன நிழல் என்றால் ஓட்டை இருக்காது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். டப்பாவைத் திறந்தோம். என் சீட்டில்: வலது அடை, இடது விடு. அவள் சீட்டில்: இரண்டும் விடு. நான் நல்ல பல்லைக் குடைந்து, ஓட்டைப் பல்லை அப்படியே விமானம் ஏற்றியிருப்பேன். அவள் நல்ல பல்லைக் காப்பாற்றி, ஓட்டையைத் தவறவிட்டிருப்பாள்.

நோயாளிக்கு முன்னால் இதையெல்லாம் பேசக் கூடாது, உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நான் கண்ஜாடை காட்டினேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு மதாமைப் பார்த்தாள். "இந்தப் பல்லுல ஓட்டை இருக்குங்க. நான் இல்லன்னு எழுதியிருந்தேன். நான் தப்பு" என்றாள். ஒரு ஜோடி செருப்பைத் தப்பாக எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று சொல்வது போல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். அப்புறம் எனக்கு மட்டும் வாய் மூடியிருக்குமா? "வலது பக்கத்துப் பல்ல அடைக்கணும்னு சொன்னது நான். அது நல்ல பல்லு. நானும் தப்பு" என்றேன். அவளைப் போல மதாமைப் பார்த்துச் சொல்ல வரவில்லை, கையிலிருந்த கருவியைப் பார்த்துத்தான் சொன்னேன். மதாம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பையன் வாயைத் திறந்தபடியே கிடந்தான்.

ஓட்டையை அன்றே அடைத்தோம். வலது பல்லுக்கு ஃபுளோரைடு பூசி, நூல் விடும் விதத்தை அவனையே செய்யச் சொல்லி மூன்று தடவை பார்த்தேன். எக்ஸ்ரேயையும், பற்கள் விலகியிருந்தபோது எடுத்த புகைப்படத்தையும் வைத்துப் பார்ட்னர், பள்ளியில் படித்த பிரெஞ்சில் ராணுவ டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினாள். நிழல் இருக்கிறது, தோல் உடையவில்லை, குடைய வேண்டாம், கவனித்து வந்தால் போதும். நான் முதல் கையெழுத்துப் போட்டேன். படியிறங்கப் போன மதாம் நின்று திரும்பி, "எம்புள்ளய இந்தப் பல்லால திருப்பி அனுப்பினாங்கன்னு வச்சுக்கோங்க, இந்த மாடிப்படியிலயே வந்து உக்காந்துடுவேன்" என்றார். உட்காருகிறவர்தான், எங்களுக்கு அதில் சந்தேகம் இல்லை.

அடுத்த ஆறு வாரம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், மதாமோ என்று கதவருகே போய் எட்டிப் பார்ப்பேன். பார்ட்னரும்தான், ஆனால் ஒத்துக்கொள்ளமாட்டாள். ஒரு திங்கட்கிழமை மதாம் வந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. அதைக் கீழேயே வாங்கியிருந்தார். "எம்புள்ளய சேத்துக்கிட்டாங்க" என்றார். அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டார். நாங்களும் அழுதோம், அப்புறம் மூன்று பேரும் கேக் தின்றோம். பல் மருத்துவர்கள் இருவர் காலை பத்து மணிக்கு கிரீம் கேக் தின்பதைப் பார்த்தபடி நோயாளிகள் வெளியே காத்திருந்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு கணவருக்குக் காரைக்காலில் வேலை கிடைத்து பார்ட்னர் போய்விட்டாள். அங்கே தனியாகக் கிளினிக் வைத்திருக்கிறாள். இங்கே பலகையில் என் பெயர் மட்டும். இப்போது என்னிடம் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சிப் பல்லைப் படம் பிடிக்கும் கேமரா இருக்கிறது. அவள் பேனா விளக்கைவிடப் பல மடங்கு நன்றாகப் பார்க்கிறது. நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் எந்தக் கருவி வந்தாலும் நான் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான். எக்ஸ்ரேயும் எடுப்பேன், வெளிச்சமும் அடிப்பேன். இரண்டும் முரண்பட்டால் வளையத்தைப் போட்டுக் கண்ணால் பார்க்காமல் பல்லில் கை வைக்க மாட்டேன். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் அவசரப்படுத்தினால், விமானத்தை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

போன மாதம் மதாமின் மகன் வந்தான். எட்டு வருஷம் ஆகிவிட்டது. தோள் அகன்று, முடி ஒட்ட வெட்டி, ஆளே மாறியிருந்தான். விடுப்பில் வந்தவன், அந்தப் பல்லைப் பார்க்க வேண்டும் என்று அவனாகவே வந்து உட்கார்ந்தான். பழைய படத்தின் அதே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நிழல் அன்றைக்கு எங்கே நின்றதோ அங்கேயே நின்றிருந்தது. நூலிழைகூட நகரவில்லை.

"அங்க ரெண்டு டாக்டருங்க கொடைஞ்சிடலாம்னாங்க" என்றான். "நான் விடல."

"ஏன் விடல? அவங்களும் படிச்சவங்கதான? நாங்க சொன்னதே சரின்னு உனக்கெப்படித் தெரியும்?" நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"நீங்க சரின்னு எனக்கென்னங்க தெரியும்? அன்னிக்கி நான் வாயத் திறந்து படுத்திருக்கேன், நீங்க ரெண்டு பேரும் எங்க அம்மா எதிர்ல 'நான் தப்பு, நான் தப்பு'ன்னீங்க. அப்படிச் சொல்ற டாக்டர அதுக்கு முன்னயும் பாக்கல, அப்புறமும் பாக்கல. தப்ப ஒத்துக்கறவங்க வேணாம்னு சொன்ன பல்ல நான் எதுக்கு இன்னொருத்தர கொடைய விடணும்?"

முதலில் சொன்னது நான் இல்லை, அவள்தான் என்று அவனிடம் சொன்னேன். நான் கண்ஜாடை காட்டி அவளை உள்ளே கூப்பிட்டதையும் சொன்னேன். எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது அது. அவன் "தெரியும் டாக்டர், பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்று சிரித்தான்.

அவன் போனதும் காரைக்காலுக்குப் போன் போட்டேன். யார் வந்தது, என்ன சொன்னான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழறியாடி?"

"இல்ல" என்றாள் பார்ட்னர். "நிழல் நகரலன்னு நீ சொல்றத நான் நம்பமாட்டேன். எக்ஸ்ரேவ அனுப்பு, நான் பாத்துச் சொல்றேன்."